பெட்டி விலையை மட்டும் பார்த்து எல்ஐயு வாங்காதீர்கள்

சுவிட்ச் வாங்கும்போது பத்து பேரிடம் விசாரிப்போம், டேட்டாஷீட் படிப்போம், வாரன்டி எத்தனை வருஷம் என்று கடைக்காரரை நச்சரிப்போம். ஃபைபர் கேபிள் வந்து முடிகிற பெட்டியான ஃபைபர் பேட்ச் பேனல், அதாவது எல்ஐயு என்று வந்தால் மட்டும் "ஒரு 24 போர்ட் எல்ஐயு சேர்த்துப் போட்டுக்குங்க" என்ற ஒரே வரியில் முடித்துவிடுவோம். தகரப் பெட்டிதானே என்ற நினைப்பு. எல்ஐயு என்று சொன்னாலும் சரி, கொஞ்சம் பெரிதாக இருந்தால் ஓடிஎஃப் என்று சொன்னாலும் சரி, வேலை ஒன்றுதான்: வெளியிலிருந்து வரும் கேபிளின் கோர்களை (கண்ணாடி இழைகளை) உள்ளே பிக்டெயிலோடு (ஒரு முனையில் கனெக்டர் உள்ள சின்ன ஃபைபர் துண்டு) ஸ்ப்ளைஸ் செய்து, அதாவது உருக்கி ஒட்டி, முன்பக்கக் கப்ளரில் (இரண்டு கனெக்டரை எதிரெதிராக மாட்டும் துண்டு) கொண்டுவந்து நிறுத்துவது. பொருத்துகிற அன்றைக்கு எந்தப் பெட்டியும் அழகாகத்தான் இருக்கும். இரண்டு வருஷம் கழித்து வேறு யாரோ அதைத் திறக்கும்போதுதான் சரியாக வாங்கினோமா என்று தெரியும்.

எனக்குத் தெரிந்தது இப்படித்தான். ஒரு கல்லூரியில் 9யு சுவர் ரேக். கேபிளில் சும்மா கிடந்த இரண்டு கோரை டெர்மினேட் செய்து கொடுக்க வேண்டும், ஒரு மணி நேர வேலை என்று நம்பிப் போனேன். பேனல் ஃபிக்சட் வகை, மூடி மேல்பக்கம், அந்த மூடியின் தலைமேல் ஒட்டி உட்கார்ந்திருக்கிறது சுவிட்ச். பேனலின் ஸ்க்ரூவைக் கழற்றி முன்னால் இழுத்தால்தான் மூடி திறக்கும். இழுத்தேன், ஒரு அங்குலம் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. பின்னால் கேபிளைத் துளி ஸ்லாக் (தளர்வு) விடாமல் ரேக்கோடு டை போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். டையை வெட்டிவிட்டு மெதுவாக இழுத்துப் பார்த்தால், ஸ்ப்ளைஸ்களை வைக்கும் டிரேக்குள் ஓடிக்கொண்டிருந்த லிங்க்கின் பிக்டெயில் ஒன்று முறிந்துவிட்டது. ஒரு பிளாக் முழுக்க அரைநாள் நெட் இல்லை. திட்டு வாங்கியது நான்தான், பெட்டியை வாங்கினவர் இல்லை.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது பெட்டி எப்படித் திறக்கிறது என்பதைத்தான். டிராயர் மாதிரி முன்னால் இழுக்கும் ஸ்லைடிங் வகைக்கு விலை கொஞ்சம் கூடும், ஆனால் மேலும் கீழும் சுவிட்ச் இருக்கிற ரேக்கில் வேறு வழியில்லை. ஸ்லைடிங் வாங்கிவிட்டுக் கேபிளைப் பழையபடி இறுக்கிக் கட்டினால் அந்தக் காசும் வீண். டிராயர் முழுதாக வெளியே வரும் அளவுக்குப் பின்னால் ஒரு சுற்று கேபிள் தளர்வாக இருக்க வேண்டும். பொருத்தி முடித்ததும் பொருத்தினவரை வைத்தே ஒரு தரம் முழுக்க இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது முன்பக்க இடம், இதை யாருமே அளப்பதில்லை. எஸ்சி என்ற சதுரக் கனெக்டர் அதன் ரப்பர் பூட்டோடு (கழுத்து உறையோடு) பேனலிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்து பேட்ச் கார்டு வளைய வேண்டும், ஜி.652 என்ற சாதாரண சிங்கிள்மோடு ஃபைபர் என்றால் 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைத்து வளைக்காமல் இருப்பது நல்லது. ஆக, பேனலுக்கும் ரேக்கின் கண்ணாடிக் கதவுக்கும் நடுவே 8 சென்டிமீட்டராவது வேண்டும். சின்னச் சுவர் ரேக்குகளில் ரெயில் பல சமயம் கதவை ஒட்டியே இருக்கும். கதவைச் சாத்தும்போது மஞ்சள் கார்டெல்லாம் கண்ணாடியில் அமுங்கி நிற்பதை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். பெரும்பாலான ரேக்குகளில் ரெயிலைக் கழற்றிப் பின்னால் தள்ளி மாட்டலாம், ஆனால் அதைப் பேனல் ஏறுவதற்கு முன்னால் செய்ய வேண்டும். இதில் இன்னொரு ஏமாற்றும் இருக்கிறது: வளைவினால் வரும் இழப்பு 1310 நானோமீட்டர் அலைநீள வெளிச்சத்தைவிட 1550-இல்தான் அதிகம் தெரியும். 1310-இல் மட்டும் டெஸ்ட் செய்து "எல்லாம் ஓகே சார்" என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

சரி, போர்ட் கணக்குக்கு வருவோம். "24 போர்ட்" என்பது எத்தனை கோர் என்று சொல்லவே இல்லை. எஸ்சி சிம்ப்ளெக்ஸ் (ஓட்டைக்கு ஒரு கோர்) கப்ளர் என்றால் 24 கோர். அதே அளவு ஓட்டையில் சின்னக் கனெக்டரான எல்சி டூப்ளெக்ஸ் (இரட்டை) உட்காரும், அப்போது 48 கோர். எல்சியின் ஃபெரூல் (ஃபைபர் முனையைப் பிடித்திருக்கும் குச்சி) 1.25 மில்லிமீட்டர், எஸ்சியில் 2.5, அதனால்தான் இந்த வசதி. இதைத் தெரிந்துகொண்டு எல்சி டூப்ளெக்ஸ் கேட்பவர்கள்கூட உள்ளே இருக்கும் ஸ்ப்ளைஸ் டிரேயை மறந்துவிடுகிறார்கள். டிரே 24 ஸ்ப்ளைஸுக்கு, வருவது 48. மிச்சத்தை எங்கே வைப்பார்கள்? ஸ்ப்ளைஸ்மேல் போடும் பாதுகாப்பு ஸ்லீவ்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, டேப் ஒட்டி, மூடியை அமுக்கிச் சாத்துவார்கள். முன்னால் எத்தனை ஓட்டை என்பதோடு உள்ளே எத்தனை ஸ்ப்ளைஸுக்கு இடம் என்பதையும் கேளுங்கள். வருகிற கேபிள் 6 கோர்தான் என்றாலும் 6 போர்ட் பெட்டி வாங்காதீர்கள், அடுத்த கேபிள் எப்படியும் வரும். பின்பக்கம் கேபிள் நுழைய எத்தனை வழி இருக்கிறது, அந்த வழியில் கேபிளை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் உங்கள் கேபிளின் தடிமனுக்குப் பொருந்துமா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம். பெரிய ஓட்டையில் மெல்லிய கேபிளை விட்டுவிட்டு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி அடைத்த பெட்டிகளைத் திறந்தால் உள்ளே பல்லி முட்டைகூட இருக்கும்.

கொட்டேஷனில் இரண்டு கடையின் விலைக்கு நடுவே பெரிய வித்தியாசம் இருந்தால் ஒருவர் லோடட், மற்றவர் அன்லோடட் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். லோடட் என்றால் எல்லாம் சேர்ந்தது, அன்லோடட் என்றால் வெறும் பெட்டி, கப்ளர் தனி, பிக்டெயில் தனி, டிரே தனி, ஸ்லீவ் தனி. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் "மலிவு" காணாமல் போயிருக்கும். கப்ளருக்குள் இரண்டு முனையையும் நேராகப் பிடிக்கும் ஸ்லீவ் எதனால் ஆனது என்றும் பாருங்கள். சிங்கிள்மோடு ஃபைபரில் வெளிச்சம் போகும் நடுப்பகுதியான கோர் 9 மைக்ரான்தான், துளி விலகினாலும் வெளிச்சம் வீண், ஆகவே சிர்க்கோனியா செராமிக் ஸ்லீவ் வேண்டும். உலோக ஸ்லீவ் உள்ளவை கோர் பெரிதான மல்டிமோடுக்குப் போதும்.

பச்சைக் கனெக்டரும் நீலக் கனெக்டரும் கலந்துபோவதைப் பற்றி எத்தனை தரம் சொன்னாலும் தீராது. பச்சை ஏபிசி, ஃபெரூல் முனை 8 டிகிரி சாய்வாக இருக்கும். நீலம் யுபிசி, சாய்வு இல்லை. இரண்டும் எஸ்சி என்பதால் ஒன்றில் ஒன்று தாராளமாக நுழையும், "டக்" என்று சத்தமும் கேட்கும், எல்லாம் சரியாக மாட்டிவிட்டோம் என்று நாமும் நினைத்துக்கொள்வோம். உள்ளே முனைகள் சரியாகத் தொடுவதில்லை. நடுவில் காற்று இடைவெளி, பவர் மடமடவென்று இறங்கும், முனையும் அடிபடும். ஃபைபரை மாட்டச் சுவிட்ச்சில் போடும் எஸ்எஃப்பி மாட்யூல்களுக்குச் சாதாரணமாக யுபிசிதான். ஆகவே ஆபீஸ் ரேக்கில் நீலம் வாங்கினால் பெரும்பாலும் தப்பில்லை. 1550-இல் கேபிள் டிவி சிக்னலும் ஃபைபரில் போகிற இடங்களில் எதிரொளிப்பு தொந்தரவு செய்யும் என்பதால் ஏபிசி வேண்டும். ஒரே பெட்டியில் இரண்டும் வைத்தே ஆக வேண்டிய கட்டாயம் இருந்தால் தனித்தனி வரிசையாக வையுங்கள், அதிலும் முக்கியமாக, கடையில் பச்சைக் கப்ளர் தீர்ந்துபோச்சு என்று நீலத்தைப் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள். நிறம்தான் அடுத்தவருக்கு இருக்கிற ஒரே அடையாளம்.

மல்டிமோடு கேபிள் உள்ள பழைய கட்டிடங்களில் இதே கதை வேறு மாதிரி நடக்கும். ஆரஞ்சு உறையைப் பார்த்ததும் மல்டிமோடு என்று சரியாகவே சொல்லிவிட்டு, கையிலிருக்கும் அக்வா (வெளிர் நீலப்பச்சை) நிற ஓஎம்3 பிக்டெயிலை (ஓஎம் என்பது மல்டிமோடின் ரகம்) ஸ்ப்ளைஸ் செய்துவிடுவார்கள். ஆரஞ்சு உறை ஓஎம்1 ஆகவும் இருக்கலாம், ஓஎம்2 ஆகவும் இருக்கலாம். ஓஎம்1-இன் கோர் 62.5 மைக்ரான், ஓஎம்2-க்கும் ஓஎம்3-க்கும் 50. பெரிய கோரிலிருந்து சின்ன கோருக்கு வெளிச்சம் போகும்போது ஒரு பங்கு வெளியே கொட்டிவிடும். உறைமேல் 62.5/125 அல்லது 50/125 என்று அச்சிட்டிருக்கும், டார்ச் அடித்து அதைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள். பிக்டெயில் வாங்கும்போது 12 நிற செட்டாகவே வாங்குங்கள்: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ், அக்வா. கேபிளுக்குள் இருக்கும் வரிசையும் பெரும்பாலும் இதுதான். பன்னிரண்டும் ஒரே மஞ்சளாக இருந்தால் டிரேயில் எது எந்தப் போர்ட்டுக்குப் போகிறது என்று சிவப்பு லைட் அடித்து ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதுதான்.

மாடிக்கு ஒரு பேனல் போட்டால் வசதி என்று சிலர் நினைக்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு பேனலும் வழியில் ஒரு கனெக்டர் ஜோடி, அதாவது கொஞ்சம் இழப்பு. ஓஎம்3-இல் 300 மீட்டருக்கு 10 ஜி எஸ்ஆர் (மல்டிமோடில் ஓடும் 10 ஜிகாபிட் இணைப்பு) ஓட்டினால் மொத்த இழப்புக்கு அனுமதி 2.6 டெசிபெல், அதில் கனெக்டர்களுக்கு 1.5. ஒரு ஜோடிக்கு 0.75 வரை போகலாம் என்பது டிஐஏ என்ற அமெரிக்கத் தர அமைப்பின் கணக்கு, அதாவது இந்தக் கோடியில் ஒரு பேனல், அந்தக் கோடியில் ஒரு பேனல், கதை முடிந்தது. தூரம் குறைவாக இருந்தாலோ நல்ல கனெக்டராக இருந்தாலோ நடுவில் இன்னொன்று தாங்கும். கணக்குப் போட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வெளியிலிருந்து வரும் ஆர்மர்டு கேபிள் என்றால் பெட்டியில் எர்த் போல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபைபரில் கரண்ட் போகாது, ஆனால் அதைச் சுற்றியிருக்கும் எஃகு நாடாவில் தாராளமாகப் போகும், ஐப்பசி இடிக்கு அது போதும். அப்புறம், ஆர்டர் போடும் முன் கடைக்காரரிடம் மூடி திறந்த நிலையில் உள்ளே ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். முன்பக்கப் படத்தை மட்டும் திரும்பத் திரும்ப அனுப்பினால் வேறு கடை பார்க்கலாம்.