சென்னை – சிங்கப்பூர்: டிக்கெட்டில் உள்ள நேரத்தைச் சரியாகப் படிப்பது எப்படி?

சென்னை விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். இடையில் நிற்காத விமானத்தில் நாலு, நாலேகால் மணி நேரம் ஆகும்.

ஆனால் டிக்கெட்டில் இரவு 11:00 புறப்பாடு, காலை 5:45 வருகை என்று இருந்தால் ஆறே முக்கால் மணி நேரமா என்று மலைக்க வேண்டாம். புறப்பாடு இந்திய நேரம், வருகை சிங்கப்பூர் நேரம். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. அதைக் கழித்தால் நாலேகால் மணிதான். திரும்பும்போது இதற்கு நேர்மாறு: இரவு 8:00 ஏறி 9:30 இறங்குவதாகத் தெரியும், அதோடு இரண்டரையைக் கூட்டுங்கள்.

முதல் முறை என் அம்மா தனியாகப் போனபோது நான் இதைத்தான் கோட்டைவிட்டேன். காலை ஐந்தே முக்காலை நம்ம ஊர் நேரமென்று நினைத்துவிட்டேன். அவரோ இந்திய நேரம் மூன்றேகாலுக்கே இறங்கி, அழைத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பாவம். அதனால் வழியனுப்புகிறவர்கள் இரண்டு நேரத்தையும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் அடுத்த வேளை எப்போது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

அப்புறம், வேறு ஊர்களுக்கு ஒரு தோராயக் கணக்கு: தூரத்தை 800-ஆல் வகுத்து, ஏற இறங்க அரை மணி நேரம் சேருங்கள்.