கைக்குழந்தைகிட்ட பேச்சு குடுக்குறது எப்படி

புள்ள பொறந்து முதல் சில வருஷத்துல மூளைல ஒவ்வொரு செகண்டும் 10 லட்சத்துக்கு மேல நரம்பு இணைப்பு உருவாகுதாம், அதுல எது அடிக்கடி யூஸ் ஆகுதோ அது ஸ்ட்ராங்கா நிக்கும், யூஸ் ஆகாதது மெல்ல கழிஞ்சிடும். அதனால தினமும் புள்ளகிட்ட பேச்சு குடுக்குறதுதான் அந்த இணைப்ப ஸ்ட்ராங்காக்கும்; தனியா காசு செலவு பண்ணி ஃப்ளாஷ் கார்டு வாங்குறதுலாம் வேஸ்ட்ங்க, வேணாம்.

இன்னா பண்ணணும்னா, புள்ள "ங்கா"னு சொன்னா நீங்களும் அதே மாதிரி சொல்லிட்டு கொஞ்சம் நிறுத்துங்க, அது திருப்பி சத்தம் குடுக்கும், மூஞ்ச பாக்கும், கை காலை ஆட்டும், அப்புறம் நீங்க பேசுங்க. இந்த நிறுத்துறதுதான் முக்கியம், நிறைய பேரு விடாம பேசிகினே இருப்பாங்க. இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா நறுக்கும்போது "இத பாரு, முள்ளு, குத்தும்"னு காட்டுங்க. வேலூர் கோட்டைக்கு கூட்டிட்டு போனா புள்ள எத பாக்குதோ, அகழி தண்ணியோ காக்காவோ, அத பத்தியே பேசுங்க.

அழுதா தூக்குங்க. தூக்குனா கெட்டுப்போயிடும்னு பக்கத்து வூட்டு ஆயா சொல்லுவாங்க, சிரிச்சிட்டு தூக்குங்க. வூட்ல தினம் சண்டை, கத்தல்னு இருந்து, அணைக்கவும் ஆள் இல்லன்னா ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏறியே இருக்கும், அது வளர்ற மூளைக்கு கெடுதல்.

ரெண்டு வயசுக்குள்ள செல்போன் வேணாம். கூப்ட்டா திரும்பி பாக்கலன்னா டாக்டர்கிட்ட காது செக் பண்ணிடுங்க.