வீட்டுக் கணினியிலேயே ஹேக்கிங் பயிற்சிக் கூடம்: முதல் பாடம், கம்பியில் போகும் கடவுச்சொல்

எத்திக்கல் ஹேக்கிங் (உரியவர் அனுமதியோடு கணினி ஓட்டைகளைத் தேடுவது) கற்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எதன் மேல் பழகுவது?" என்பதைத்தான். பக்கத்து வீட்டு வைஃபை, படிக்கும் கல்லூரியின் இணையதளம் என்று கை போகும். போகக் கூடாது. உரியவர் அனுமதி இல்லாமல் ஒரு கணினிக்குள் நுழைந்தால், இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, 43ஆம் பிரிவின்படி இழப்பீடு கட்ட நேரும். அதையே மோசடி எண்ணத்தோடு செய்ததாக நிறுவப்பட்டால் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. "சும்மா பார்த்தேன்" என்பது எங்கேயும் அனுமதி ஆகாது.

அதனால் தாக்குகிற கணினி, தாக்கப்படுகிற கணினி இரண்டையும் நம் மேசையிலேயே வைத்துக்கொள்வோம். இரண்டும் இலவசம். இந்தப் பாடத்தின் முடிவில், பூட்டில்லாத (மறையாக்கம் செய்யாத) இணைப்பில் ஒரு கடவுச்சொல் எழுத்து எழுத்தாகப் போவதை உங்கள் கண்ணாலேயே பார்ப்பீர்கள்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் ஜன்னலில், ஆங்கிலத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து என்று சொல்லாத இடமெல்லாம் சின்ன எழுத்து.

தேவையானவை

8 ஜிபி ரேம், 30 ஜிபி காலி இடம், இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசசர் உள்ள கணினி. 4 ஜிபி ரேமில் முடியாது என்றில்லை, ஆனால் பொறுமை போய்விடும். ஆப்பிளின் எம் வரிசைச் சிப் உள்ள மேக்கில் இந்தச் செய்முறை அப்படியே ஓடாது. தாக்கப்படும் கணினி எக்ஸ்86 வகை என்பதால், யூடிஎம் போன்ற மென்பொருளில் எமுலேஷன் முறையில் மெதுவாகத்தான் ஓட்ட முடியும்.

இறக்க வேண்டியவை மூன்று. ஆரக்கிளின் விர்ச்சுவல்பாக்ஸ், உங்கள் கணினிக்குள்ளேயே தனிக் கணினிபோல ஓடும் விர்ச்சுவல் மெஷின்களை உருவாக்கும் மென்பொருள். காளி லினக்ஸின் அதிகாரபூர்வத் தளத்தில் விர்ச்சுவல்பாக்ஸுக்கென்றே தயாராகக் கிடைக்கும் இமேஜ் (நிறுவி முடித்த மெஷினின் நகல்); இதுதான் தாக்குகிற கணினி. சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் இருக்கும் மெட்டாஸ்ப்ளாய்டபிள் 2; இது தாக்கப்படுகிற கணினி. கடைசியாகச் சொன்னது ரேபிட்7 நிறுவனம் 2012இல் வெளியிட்டது. உபுண்டு 8.04 மேல் வேண்டுமென்றே ஓட்டைகளை நிரப்பி, பழகுவதற்கென்றே செய்தது.

காளியை வேறு எங்கிருந்தும் இறக்காதீர்கள். டெலிகிராம் குழுவில் யாரோ போடும் "ஃபுல் பேக்" இமேஜில் என்ன கலந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இறக்கியதும் விண்டோஸ் பவர்ஷெல்லில் கெட், ஹைஃபன், ஃபைல்ஹாஷ் என்ற கட்டளையைக் கோப்பின் பெயரோடு கொடுங்கள். வரும் எஸ்எச்ஏ256 எண்ணும் (கோப்பின் கைரேகை போன்றது) காளி தளத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

படி 1: விர்ச்சுவலைசேஷன் ஓடுகிறதா?

விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ், சிபியு பக்கத்தில் "விர்ச்சுவலைசேஷன்: எனேபிள்டு" என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் பயாஸில் போய் இன்டெலுக்கு விடி-எக்ஸ், ஏஎம்டிக்கு எஸ்விஎம் என்பதை இயக்குங்கள். விர்ச்சுவல் மெஷின் ஓடும்போது கீழ்ப்பட்டையில் ஒரு பச்சை ஆமை தெரிந்தால், விண்டோஸின் ஹைப்பர்-வி பிராசசரைப் பிடித்துவைத்திருக்கிறது என்று அர்த்தம். வேலை நடக்கும், மெதுவாக நடக்கும். அதற்காக மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பை அணைக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. இந்தப் பாடத்துக்கு அது தேவையில்லை, அணைக்க வேண்டாம்.

படி 2: காளி

இமேஜ் 7-ஜிப் வகையில் சுருக்கியிருக்கும். விரித்ததும் உள்ளே இருக்கும் விபாக்ஸ் கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால் விர்ச்சுவல்பாக்ஸில் சேர்ந்துவிடும். பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டுமே "காளி". இப்போதைக்கு அப்டேட் எதுவும் செய்ய வேண்டாம். பல ஜிபி இழுக்கும், இன்றைய பாடத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

படி 3: மெட்டாஸ்ப்ளாய்டபிள்

இது இமேஜாகச் சேராது, நாமே மெஷின் உருவாக்க வேண்டும். ஜிப்பை விரித்துவிட்டு விர்ச்சுவல்பாக்ஸில் "நியூ" அழுத்துங்கள். வகை லினக்ஸ், பதிப்பு உபுண்டு 32 பிட், ரேம் 512 எம்பி, சிபியு 1. ஹார்டு டிஸ்க் கேட்கும் இடத்தில் புதிதாக உருவாக்காமல், ஏற்கெனவே உள்ள டிஸ்கைப் பயன்படுத்து என்பதைத் தேர்ந்து, விரித்த விஎம்டிகே கோப்பைக் காட்டுங்கள்.

பின்னால் இயக்கும்போது பிஏஇ என்ற அம்சம் இல்லை என்று சொல்லித் தொடக்கத்திலேயே நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். செட்டிங்ஸ், சிஸ்டம், பிராசசர் பக்கத்தில் பிஏஇ/என்எக்ஸ் பெட்டியில் டிக் போட்டால் போதும். இந்தப் பழைய சர்வர் கெர்னல் அது இல்லாமல் எழாது.

ஆனால் அடுத்த படியில் சொல்லும் வரை இந்த மெஷினை இயக்காதீர்கள்.

படி 4: நெட்வொர்க்

ஆரம்பநிலையாளர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். மற்ற படிகளை வேகமாகத் தாண்டினாலும் இதை நிதானமாகப் படியுங்கள்.

செட்டிங்ஸில் நெட்வொர்க் பக்கத்தில் "அட்டாச்டு டு" என்ற இடத்தில் பல தேர்வுகள் இருக்கும். எதுவும் மாற்றாமல் விட்டால் இருப்பது நேட். அதில் ஒவ்வொரு மெஷினும் தனித்தனிச் சுவருக்குப் பின்னால் இருக்கும். இரண்டிலும் ஐபி (நெட்வொர்க் முகவரி) பார்த்தால் இரண்டுமே 10.0.2.15 என்று சொல்லும். ஒன்றையொன்று பார்க்காது. "பிங் போகவில்லை" (பிங் என்பது மற்றக் கணினி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை) என்று கற்போர் குழுக்களில் வரும் கேள்விகளுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அடுத்தது பிரிட்ஜ்டு. இதை வைத்தால் இரண்டும் உடனே பேசும், அதனாலேயே பலர் இதைப் பரிந்துரைக்கிறார்கள். தயவுசெய்து வைக்காதீர்கள். வீட்டு ரவுட்டரே மெட்டாஸ்ப்ளாய்டபிளுக்கும் ஒரு முகவரி கொடுத்து, அந்த வைஃபையில் இருக்கும் எல்லாருக்கும் அதைத் தெரிய வைத்துவிடும். அந்த மெஷினில் 1524ஆம் போர்ட்டை (போர்ட் என்பது இணைப்பு வந்து சேரும் எண்ணிட்ட கதவு) தொட்டாலே கடவுச்சொல் கேட்காமல் ரூட் ஷெல், அதாவது முழு அதிகாரத்தோடு கட்டளை தட்டும் இடம், திறக்கும். விடுதியிலோ அலுவலகத்திலோ உட்கார்ந்து இதைச் செய்தால், அந்த நெட்வொர்க்கிலேயே கதவைத் திறந்துவைத்தவர் நீங்கள்தான்.

நமக்கு வேண்டியது ஹோஸ்ட்-ஒன்லி. இதில் இரண்டு மெஷினும் உங்கள் கணினியும் மட்டும் பேசிக்கொள்ளும், வெளியே போகாது. இரண்டு மெஷினிலும் அடாப்டர் 1ஐ இதற்கு மாற்றுங்கள். அடாப்டர் 2 அணைந்திருக்கட்டும். பெயர்ப் பட்டியல் வெறுமையாக இருந்தால் விர்ச்சுவல்பாக்ஸின் நெட்வொர்க் மேனேஜரில் புதிதாக ஒன்றை உருவாக்கி, தானாக முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சர்வரை இயக்குங்கள். விண்டோஸில் இது வழக்கமாக 192.168.56 வரிசையில் முகவரி கொடுக்கும்.

இப்போது இரண்டையும் இயக்குங்கள். மெட்டாஸ்ப்ளாய்டபிளில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எம், எஸ், எஃப் என்ற மூன்றெழுத்தோடு "அட்மின்" சேர்ந்த ஒரே சொல். உள்ளே போனதும் ஐஎஃப்கான்ஃபிக் என்று தட்டுங்கள். காளி டெர்மினலில் ஐபி, இடைவெளி, ஏ. இரண்டு முகவரிகளையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மவுஸ் உள்ளேயே மாட்டிக்கொண்டால் வலது கன்ட்ரோல் விசை விடுவிக்கும். காளி இன்னமும் 10.0.2.15 என்றே சொன்னால், மேலே நெட்வொர்க் ஐகானில் இணைப்பை ஒரு முறை துண்டித்துச் சேருங்கள்.

சோதனை இரண்டு. காளியிலிருந்து மெட்டாஸ்ப்ளாய்டபிளின் ஐபிக்கு பிங் போக வேண்டும். இரண்டு மெஷினிலிருந்தும் 8.8.8.8க்கு பிங் போகக் கூடாது. "நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்" என்று வந்தால் கூடம் சரியாக மூடியிருக்கிறது. பிங் போய்விட்டால் எங்கோ நேட்டோ பிரிட்ஜ்டோ மிச்சமிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே போக வேண்டாம்.

எல்லாம் சரியென்றால் இரண்டு மெஷினுக்கும் ஒரு ஸ்னாப்ஷாட் (மெஷினின் அந்த நேர நிலையின் பதிவு) எடுத்துவையுங்கள். எதைக் கெடுத்தாலும் இந்த இடத்துக்குத் திரும்பலாம்.

படி 5: கதவுகளை எண்ணுதல்

திறந்த போர்ட்டுகளைத் தேடும் கருவி என்மேப். காளியில் என்மேப், இடைவெளி, மெட்டாஸ்ப்ளாய்டபிளின் ஐபி என்று தட்டுங்கள். சில நொடியில் பட்டியல் வரும். என்மேப் தானாகப் பார்ப்பது அதிகம் புழங்கும் 1000 டிசிபி போர்ட்டுகளை மட்டும்தான். அதில் 977 மூடியவை, 23 திறந்தவை என்று வரும். 21இல் எஃப்டிபி (கோப்புப் பரிமாற்றம்), 22இல் எஸ்எஸ்எச் (பூட்டிய தொலை இணைப்பு), 23இல் டெல்நெட் (பூட்டில்லாத தொலை இணைப்பு), 80இல் வெப், 3306இல் மைஎஸ்க்யூஎல் (தரவுத்தளம்), இப்படி.

அதே கட்டளையில் ஐபிக்கு முன் கழித்தல் குறி, எஸ், பெரிய எழுத்தில் வி சேர்த்து மறுபடி ஓட்டினால் பதிப்பு எண்களும் வரும். சில நிமிடம் ஆகலாம். எஃப்டிபி வரியில் விஎஸ்எஃப்டிபிடி 2.3.4 என்று இருக்கும். 2011 ஜூலையில், அந்தப் பதிப்பின் பதிவிறக்கக் கோப்பில் யாரோ பின்கதவு வைத்திருந்தது தெரிய வந்தது. பயனர் பெயரில் சிரிப்புக் குறி போட்டால் 6200ஆம் போர்ட் திறக்கும். மேலே எஸ்எச்ஏ256 சரிபார்க்கச் சொன்னது இதற்குத்தான்.

பதிப்பு எண்ணை மட்டும் வைத்து ஓட்டை இருக்கிறது என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். டெபியன், ரெட் ஹேட் போன்ற லினக்ஸ் வெளியீட்டாளர்கள் பதிப்பு எண்ணை மாற்றாமலே பாதுகாப்புத் திருத்தங்களை உள்ளே சேர்ப்பார்கள். இதை அறியாமல் எழுதும் அறிக்கைகளைப் பக் பவுண்டி (ஓட்டை கண்டுபிடிப்பவர்களுக்குப் பரிசு) நடத்துகிறவர்கள் படித்ததும் ஒதுக்குவார்கள்.

படி 6: கடவுச்சொல்லைப் பார்ப்பது

நெட்வொர்க்கில் போவதைப் பதிவு செய்து காட்டும் கருவி வயர்ஷார்க். காளி மெனுவில் அந்தப் பெயரைத் தேடித் திறங்கள். ஈத்0 இன்டர்ஃபேஸை இரட்டைக் கிளிக் செய்தால் பதிவு தொடங்கும். ஈத்0 பட்டியலிலேயே இல்லையென்றால் அனுமதிப் பிரச்சினை. டெர்மினலில் சூடோ, இடைவெளி, வயர்ஷார்க் என்று திறங்கள்.

இப்போது இன்னொரு டெர்மினலில் டெல்நெட், இடைவெளி, மெட்டாஸ்ப்ளாய்டபிளின் ஐபி. வரவேற்புத் திரையிலேயே, நம்ப முடியாத நெட்வொர்க்கில் இந்த மெஷினை வைக்காதே என்ற எச்சரிக்கை இருக்கும். அதே பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து உள்ளே போய், எக்ஸிட் தட்டி வெளியே வாருங்கள். வயர்ஷார்க்கில் சிவப்புச் சதுரத்தை அழுத்திப் பதிவை நிறுத்துங்கள்.

மேலே இருக்கும் ஃபில்டர் பட்டையில் டெல்நெட் என்று தட்டுங்கள். ஏதாவது ஒரு பாக்கெட்டை வலது கிளிக் செய்து ஃபாலோ, டிசிபி ஸ்ட்ரீம். ஒரு ஜன்னல் திறக்கும். நீங்கள் அனுப்பியது சிவப்பில், சர்வர் அனுப்பியது நீலத்தில்.

பயனர் பெயரைக் கவனியுங்கள். ஒவ்வோர் எழுத்தும் இரண்டிரண்டு முறை வந்திருக்கும், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கடவுச்சொல் மட்டும் ஒரே முறை, முழுக்கச் சிவப்பில். டெல்நெட் விசை தட்டத் தட்ட எழுத்தை அனுப்புகிறது. சர்வர் அதைத் திருப்பி அனுப்பினால்தான் உங்கள் திரையில் தெரியும். கடவுச்சொல்லைச் சர்வர் திருப்பி அனுப்புவதில்லை, அதனால்தான் தட்டும்போது திரை வெறுமையாக இருந்தது. திரையில் தெரியாதது கம்பியில் தெரிகிறது. கருவியின் பட்டன்களை மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு ஜன்னலை ஐந்து நிமிடம் உற்றுப் பார்ப்பது பெரிது என்று உறுதியாகச் சொல்வோம்.

ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் இப்படித்தான் கடவுச்சொற்களைத் திருடினார்கள். அதற்கு விடையாக அங்கே இருந்த டாட்டு யுலோனென் என்ற ஆய்வாளர் 1995இல் எழுதியதுதான் எஸ்எஸ்எச். அதையும் இதேபோல் பதிவு செய்து பாருங்கள்: எஸ்எஸ்எச், இடைவெளி, பயனர் பெயர், அட் குறி, ஐபி. "நோ மேட்சிங் ஹோஸ்ட் கீ டைப்" என்று மறுத்தால், சர்வரின் பழைய சாவி வகையை இன்றைய காளி நம்ப மறுக்கிறது. காளி ட்வீக்ஸ் திறந்து, ஹார்டனிங் பக்கத்தில் எஸ்எஸ்எச் கிளையன்ட்டுக்குப் பரந்த இணக்கம் என்பதைத் தேர்ந்தால் இணையும். பயிற்சி முடிந்ததும் மறக்காமல் பழையபடி மாற்றிவிடுங்கள். இந்த ஸ்ட்ரீமில் தொடக்கத்தில் இரு பக்கமும் பதிப்பையும் பூட்டு முறைகளையும் பேசிக்கொள்வது மட்டும் படிக்கும்படி இருக்கும். பிறகு வருவதெல்லாம் புரியாத குப்பை எழுத்து.

படி 7: கதவை அடைத்தல்

தாக்கத் தெரிந்தால் பாதி வேலைதான். மெட்டாஸ்ப்ளாய்டபிள் திரையில் இந்த ஒரே வரியை, ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டுத் தட்டுங்கள்: சூடோ, ஐபிடேபிள்ஸ், கழித்தல் பெரிய ஏ, பெரிய எழுத்தில் இன்புட், கழித்தல் பி (போர்ட் என்ற சொல்லின் முதல் எழுத்து), டிசிபி, இரட்டைக் கழித்தல் டிபோர்ட், 23, கழித்தல் ஜே, பெரிய எழுத்தில் டிராப். காற்புள்ளிகளைத் தட்ட வேண்டாம்.

மறுபடி என்மேப் ஓட்டினால் திறந்த போர்ட்டுகள் மொத்தம் 22, 23ஆம் போர்ட் "ஃபில்டர்டு". மூடியது என்று வராமல் ஏன் இப்படி? மூடிய போர்ட் "இங்கே யாரும் இல்லை" என்று பதில் சொல்லும். ஃபயர்வால் விழுங்கியதற்குப் பதிலே வராது. மெஷினை மறுதொடக்கம் செய்தால் இந்த விதி போய்விடும்.

குழுக்களில் கேள்வி கேட்கும்போது

எங்காவது சிக்கினால் "ஒர்க் ஆகலை" என்று மட்டும் போடாதீர்கள், யாராலும் உதவ முடியாது. விர்ச்சுவல்பாக்ஸ் பதிப்பு, இரண்டு மெஷினின் நெட்வொர்க் வகை, இரண்டின் ஐபி, தட்டிய கட்டளை, வந்த பிழைச் செய்தி முழுவதும், இவ்வளவும் எழுத்தாகக் கொடுங்கள். திரையை மொபைலில் எடுத்த மங்கலான படம் வேண்டாம். 192.168 வரிசை முகவரியைப் பகிர்வதில் ஆபத்தில்லை. உங்கள் வீட்டு இணைப்பின் பொது ஐபியையோ, அனுமதி இல்லாத எந்தத் தளத்தின் பெயரையோ போடாதீர்கள். உண்மையான தளத்தில் தற்செயலாக ஓட்டை கண்ணில் பட்டால் அதைக் குழுவில் பேசாமல், அந்த நிறுவனத்துக்கோ, இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கோ தெரிவியுங்கள்.

அடுத்து நீங்களே செய்ய

ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புங்கள். வயர்ஷார்க்கை ஓடவிட்டு, டெல்நெட்டுக்குப் பதில் எஃப்டிபி வழியாக 21ஆம் போர்ட்டில் நுழையுங்கள். இங்கேயும் கடவுச்சொல் அப்படியே தெரியும், ஆனால் பயனர் பெயர் எழுத்தெழுத்தாக இரட்டிக்காது. ஏன் என்பதை ஸ்ட்ரீமைப் பார்த்து இரண்டு வரியில் எழுதுங்கள். எழுத முடிந்தால், ஓட்டைகளைத் தாக்கிச் சோதிக்கும் கருவியான மெட்டாஸ்ப்ளாய்ட் பக்கம் போகலாம். முடியாவிட்டால் படி 6க்கு ஒரு முறை திரும்புங்கள்.