பொடி வியாபாரமும் குற்றாலச் சாரலும்: குடும்பப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி அரைத்து விற்கிறேன். கடை இல்லை, வேலைக்கு ஆள் இல்லை, சமையலறைதான் ஆலை. அதனால் நாங்கள் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பினால் ஆலைக்கும் பூட்டுதான். இதை மறந்துவிட்டு, "எப்படியும் நாலு பேரைப் பார்க்கப் போகிறோம், அப்படியே வியாபாரத்தையும் பரப்பிவிடலாம்" என்று கிளம்பியதில் என் தவறுகள் ஆரம்பித்தன.

முதல் தவறுதான் பெரிய தவறு. ஆனி மாதச் சாரலுக்குக் குற்றாலம் போயிருந்தபோது அங்கிருந்தே ஸ்டேட்டஸ் போட்டேன். 11 ஆர்டர் வந்தது. சந்தோஷத்தில் எல்லாவற்றுக்கும் "சரி" போட்டுவிட்டேன். வீடு திரும்பினால் ஈரத்துணி மூட்டை, அருவியில் ஊறிய சின்னவனுக்குச் சளி, டப்பாவில் உளுந்து இல்லை. பார்சல் கிளம்பியது 9ஆம் நாள். அந்த 11 பேரில் 3 பேர் அப்புறம் என் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. பயணத்தில் ஆர்டர் வாங்காதீர்கள், பேரும் நம்பரும் மட்டும் வாங்குங்கள் என்று இப்போது யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன். அரைத்து முடித்த அன்று நாமே கூப்பிட்டு "வேண்டுமா?" என்று கேட்டால் போயிற்று.

வாட்ஸ்அப் பிசினஸில் தானாகப் பதில் போகும் வசதி இருக்கிறது. எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று குறித்து வைத்தால், அந்த நாட்களில் கேட்பவர்களுக்கு நாம் எழுதி வைத்தது போய்ச் சேரும். நல்ல வசதிதான். ஆனால் அதில் "குடும்பத்தோடு ஊருக்குப் போயிருக்கிறோம், 20ஆம் தேதி திரும்புவோம்" என்று நான் எழுதியிருந்தேன். பாக்கெட்டில் வீட்டு முகவரியை அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுத்துவிட்டு, அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்று தண்டோராவும் போட்டது போல. "அடுத்த அரைப்பு 22ஆம் தேதி, அதுவரை பெயர் குறித்துக்கொள்கிறோம்" என்று மட்டும் எழுதினால் போதும். தேதியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வீடு வந்து சேரும் நாளைப் போடாதீர்கள், அடுப்புப் பற்றவைக்கும் நாளைப் போடுங்கள். துணி துவைக்கவே ஒரு நாள் போய்விடும்.

போட்டோவும் அப்படித்தான். எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வந்தபிறகு போடுங்கள். யார் படம் என்பதையும் ஒரு தடவை பாருங்கள். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு நின்ற மாமியாரின் படம், குடும்பத்துக்குப் போக வேண்டியது, என் வியாபார நம்பரின் ஸ்டேட்டஸில் ஏறிவிட்டது. நான் பார்த்து அழிப்பதற்குள் 60 பேர் பார்த்துவிட்டார்கள். அத்தை அன்று இரவு பரோட்டாகூடச் சாப்பிடவில்லை. ஒரே போனில் இரண்டு நம்பர் வைத்திருப்பவர்கள் கவனம்.

அடுத்தது ரயில். போகும்போது 20 பாக்கெட்டும் ஒரு கட்டு நோட்டீஸும் எடுத்துக்கொண்டு, பெட்டியில் எல்லாருக்கும் கொடுக்கலாம் என்று எழுந்தேன். டிக்கெட் பரிசோதகர் அமைதியாக உட்காரச் சொன்னார். அவர் சொன்னது சரிதான். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 144ஆவது பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் பெட்டியிலோ நிலையத்திலோ பொருள் விற்பது மட்டுமல்ல, வாடிக்கை பிடிப்பதும் குற்றம். நோட்டீஸ் கட்டு பைக்குள் போயிற்று. ஆனால் ராத்திரி பொடி தடவிய இட்லியை வாழை இலையில் பிரித்தோம் பாருங்கள், நல்லெண்ணெய் வாசனைக்கு எதிர் சீட்டு அக்காவே பேச்சுக் கொடுத்தார். இரண்டு இட்லி கொடுத்தேன். "எங்கே வாங்கினீர்கள்?" என்றார். அந்த ஒரு கேள்விக்கு 500 நோட்டீஸ் ஈடாகாது.

சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் பையைப் பிரிக்காதீர்கள். அது அவர்கள் வீட்டு நாள். அங்கே வாங்குகிறவர்கள் தாட்சண்யத்துக்கு வாங்குகிறார்கள், இரண்டாம் தடவை கேட்கமாட்டார்கள். விலையில்தான் மனஸ்தாபமும் வரும். நான் பெரியம்மாவிடம் காசு வாங்கிய அதே பொடியை, என் கணவர் அவருடைய சித்தப்பாவுக்கு "நமக்குள்ளே என்ன காசு" என்று சும்மா கொடுத்துவிட்டார். இரண்டும் ஒரே பந்தியில் தெரிய வந்தது. மாதிரிப் பொட்டலம் எல்லாருக்கும் இலவசம், விற்கிற பாக்கெட் எல்லாருக்கும் ஒரே விலை என்று வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். குழந்தைகளை விட்டு விற்கச் சொல்வதும் வேண்டாம். லீவுக்கு வந்த பிள்ளைகள் அவர்கள்.

மாதிரிதானே என்று வெறும் கவரில் கட்டிக் கொடுப்பதும் தப்பு. தென்காசியில் அப்படி 15 பேருக்குக் கொடுத்தேன். பொடி நன்றாக இருந்ததாம், யார் கொடுத்தது என்றுதான் யாருக்கும் நினைவில்லை. 50 கிராம் பொட்டலமானாலும் பெயர், போன் நம்பர், அரைத்த தேதி, எதில் செய்தது, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவின் 14 இலக்க எண் எல்லாம் இருக்கட்டும். எதை எடுத்துப் போகிறோம் என்பதும் முக்கியம். தேங்காய் சேர்த்த பொடி வெயிலில் சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும். சாரல் ஈரத்தில் எந்தப் பொடியும் கட்டி தட்டும். பயணத்துக்கு நன்றாக வறுத்த பருப்புப் பொடியும் இட்லிப் பொடியும்தான் தாங்கும், அதுவும் காற்றுப் புகாத கவரில். விமானத்தில் போகிறவர்கள் கொப்பரையைத் தொடவே வேண்டாம். எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் பொருள் என்று தடுத்துவிடுவார்கள்.

பணம் அனுப்பிவிட்டேன் என்று யாராவது ஸ்கிரீன்ஷாட் காட்டினால், அருவிக்கரையில் சிக்னல் இல்லையே என்று நம்பிவிடாதீர்கள். கணக்கில் ஏறியதைப் பார்த்தபிறகு கொடுங்கள். பணம் வருவதற்கு நாம் பின் நம்பர் போட வேண்டியதே இல்லை, கேட்டால் ஏமாற்று வேலைதான்.

நம்பர் வாங்கும்போது நம் நம்பரையும் அவர்கள் போனில் பதியச் சொல்லுங்கள். ஒரே செய்தியைப் பல பேருக்கு ஒரே தடவையில் அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட், நம் நம்பரைப் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும். நான் 40 பேருக்கு அனுப்பி, பதிலே வரவில்லையே என்று ஒரு வாரம் குழம்பியதற்குக் காரணம் அதுதான்.

ரயில் அக்கா இப்போது மாதம் அரைக் கிலோ வாங்குகிறார். மாமியாரும் சமாதானமாகிவிட்டார். ஆனால் யார் போனைத் தூக்கினாலும், "இது எந்த நம்பருக்குப் போகும்?" என்று கேட்டுவிட்டுத்தான் சிரிக்கிறார்.