தேர்வுக்கு முன் படபடப்பா? விரல் ரேகையில் மூச்சை எண்ணுங்கள்

தேர்வறைக்குள் போகுமுன் படபடப்பாக இருந்தால், கட்டைவிரலைச் சுண்டுவிரலின் அடிரேகையில் வையுங்கள். மூக்கு வழியாக நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஒரு மூச்சுக்கு ஒரு ரேகை. விரலுக்கு மூன்று ரேகை, நான்கு விரலுக்கும் சேர்த்து 12 மூச்சு; இரண்டே நிமிடம்.

மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும். அதனால்தான் விடும் நேரத்தை நீட்டுகிறோம். ரேகையைத் தொட்டு எண்ணுவதால் அலையும் மனசுக்கும் ஒரு பிடி கிடைக்கிறது. செயலி, சந்தா எதுவும் வேண்டாம். மேலூரிலிருந்தோ திருமங்கலத்திலிருந்தோ மதுரைக்குக் கூட்ட பஸ்ஸில் வருபவர்கள் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடியே செய்யலாம், கண்ணை மூட வேண்டியதில்லை. சாதாரண நாட்களிலும் பழகியிருந்தால்தான் தேர்வன்று கைகொடுக்கும். இதை மட்டும் தட்டிக்கழிக்காதீர்கள்.

தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் இது போதாது. உடனே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள்: இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நேரில் பார்க்க மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.