மாத்திரையை நிறுத்தியும் விடாத வலி

எலும்பு மெலிவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) நான் எடுத்த மாத்திரை அலென்ட்ரோனேட் 70 மி.கி., வாரம் ஒன்று. நெஞ்செரிச்சலும் உடம்புவலியும் அதிகமாகி, மருத்துவரே நிறுத்தச் சொன்னார். எரிச்சல் சீக்கிரம் அடங்கியது. வலி மட்டும் போவேனா என்றது. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் இடுப்பும் முழங்காலும் பிடித்துக்கொள்ளும். சுவரைப் பிடித்துத்தான் நாலு எட்டு வைப்பேன்.

இந்த மருந்து எலும்பில் படிந்து வருடக்கணக்கில் தங்கும். ஆயுசுக்கும் இப்படித்தானோ என்று பயம் எனக்கு. மருத்துவரோ பழியை மாத்திரை மேல் மட்டும் போடவில்லை. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி ரொம்பக் குறைவு. அதுவே எலும்புவலி தருமாம். அதைச் சரிக்கட்டியதும் பாதி வலி குறைந்தது. தொடையில் வலி உண்டா என்றும் குடைந்து கேட்டார். இதை நீண்டநாள் எடுத்தவர்களுக்கு அபூர்வமாகத் தொடை எலும்பு முறியலாம். அதற்கு முன்பே தொடையிலோ கவட்டையிலோ மந்தமான வலி தெரியலாம். நல்லவேளை, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை.

மீதி வலிக்கு வெந்நீர் ஒத்தடம், எழும் முன் படுத்தபடியே காலை மடக்கி நீட்டுவது, மாலை நடை. ஒத்தடம் அந்த நேரத்துச் சுகம்தான். கைகொடுத்தது நடை.

பல் பிடுங்க நேர்ந்தபோது, பழைய மாத்திரை விவரத்தைப் பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். தாடை எலும்பு ஆறாமல் போகிற ஆபத்து, அரிது என்றாலும், உண்டு.

இதே எலும்பு மெலிவுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் ஊசி போடுகிறவர்கள் என்னைப் பார்த்துச் சட்டென நிறுத்திவிடாதீர்கள். மாற்று மருந்து இல்லாமல் விட்டால் முதுகெலும்பில் ஒன்றுக்கு மேற்பட்ட முறிவுகள் வரக்கூடும்.