ஸ்டார் ஆட்டக்காரருக்கு எவ்வளவு கொடுக்கலாம்? காரைக்குடிப் பக்கத்து கால்பந்து கிளப்புகளுக்கு ஒரு கணக்கு

வெளியூர் ஸ்டாரிடம் ஆட்டத்துக்கு எவ்வளவு என்று பேசும் முன், சீசனுக்கு ஐந்தொகை, அதாவது வரவு செலவைச் சரிபார்க்கும் கணக்கு, போட்டுப் பாருங்கள். செட்டிநாட்டில் கணக்குத் தெரிந்த பெரியவர்களுக்குப் பஞ்சமில்லை. அப்படி ஒருவரைப் பொருளாளராக உட்கார வையுங்கள், ஆஃப்சைடு புரியாவிட்டாலும் பரவாயில்லை. கைக்கு வந்த பணம் மட்டுமே வரவு. "திருவிழா முடியட்டும் தம்பி, தர்றேன்" என்பதை வரவில் எழுதக் கூடாது.

உறுதியான வரவு 4 லட்சம் என்று வைப்போம். சம்பளத்துக்கு 60 சதவீதம், அதாவது 2,40,000. மீதி ஜெர்சி, பந்து, நுழைவுக் கட்டணம், வேன். ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவின் போட்டிகளில் ஆடும் பெரிய கிளப்புகளுக்கே வரம்பு வருமானத்தில் 70 சதவீதம்தான்; அதிலும் டிரான்ஸ்ஃபர் செலவு, ஏஜென்ட் கமிஷன் எல்லாம் அடக்கம். 2021இல் மெஸ்ஸி பாதிச் சம்பளத்துக்கு இறங்கி வந்தும் பார்சிலோனாவால் அவரைப் பதிவு செய்ய முடியவில்லை. ஸ்பெயின் லீகான லா லிகாவின் சம்பள வரம்பு இடிக்கும் அளவுக்கு மற்ற ஒப்பந்தங்கள் ஏற்கெனவே வீங்கிக் கிடந்தன.

2,40,000இல் காயச் செலவுக்கு 24,000 ஒதுக்கினால் மிச்சம் 2,16,000. பத்து ஆட்டம், பதினாறு பேர். உள்ளூர்ப் பையன்கள் 8 பேருக்கு 600, நிரந்தர ஆட்டக்காரர் 6 பேருக்கு 1,000, ஸ்டார் இருவருக்கு 2,000. ஆட்டத்துக்கு 14,800, சீசனுக்கு 1,48,000. வெற்றி போனஸ் 300, குடும்பத்துக்கு இவ்வளவு என்று சமமாக வாங்கும் கோயில் புள்ளி வரி போல ஆளுக்குச் சமம், பெஞ்சில் இருப்பவருக்கும் உண்டு. பத்தும் ஜெயிப்போம் என்றே கணக்கிடுங்கள்: 48,000. ஜெயிக்க ஜெயிக்கக் கடனாளியான கிளப்புகள் தடுக்கி விழுவது இங்கேதான். மிச்சம் 20,000 ஸ்டார்களின் பயணத்துக்கும் அறைக்கும்.

இப்போது ஒரு ஸ்டார் ஆட்டத்துக்கு 5,000 கேட்கிறார். சீசனுக்குக் கூடுதல் 30,000தானே என்று தலையாட்டாதீர்கள். செய்தி டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போனதும் நிரந்தர ஆட்டக்காரர் ஆறு பேரும் ஆளுக்கு 500 ஏற்றிக் கேட்பார்கள். அது இன்னொரு 30,000. அடுத்த ஸ்டார் வாய் திறப்பது தனி.

அதனால் ஆட்டச் சம்பளத்தைத் தொடாமல் வேறு வழியில் கொடுங்கள். ஒப்பந்தத் தொகையாக 10,000. பாதி சேரும்போது, பாதி ஏழாவது ஆட்டம் ஆடிய பிறகு. இதற்குத் தனியாக ஒரு புரவலரைப் பிடித்து, அந்தப் பணத்தையும் பேரேட்டில் ஏற்றுங்கள். மறைத்துக் கொடுத்தால் ஒரு வாரத்தில் வெளியே வரும்.

ஸ்டாரை இழுப்பது தொகை மட்டுமல்ல. ஆட்டம் முடிந்த அன்றே பெயர் எழுதிய கவர், பதிவேட்டில் கையெழுத்து. "நாளைக்கு ஜிபே பண்றேன்" என்று இரண்டு முறை சொன்ன கிளப்பின் பெயர் மதுரை, திருச்சி ஆட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் நாறிவிடும். பிறகு இருமடங்கு கொடுத்தாலும் ஆள் வராது. காயம்பட்டால் எத்தனை ஆட்டத்துக்குப் பாதிச் சம்பளம் என்பதையும் காகிதத்தில் எழுதிவிடுங்கள்.

சென்னையிலிருந்து வருபவருக்கு முந்தின நாள் பல்லவன் ரயிலில் டிக்கெட் போடுங்கள். இரவு காரைக்குடியில் இறங்கித் தூங்கி எழுந்து ஆடுவார். விடிய விடிய பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவர் இரண்டாம் பாதியில் தொடையைப் பிடித்துக்கொண்டு படுத்தால் 2,000 போனது போனதுதான்.